பத்துக் குழாய், ஒரு மூக்கு

உமுரோ கத்தேலோ அந்த ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு வந்தபோது குமாத்தோவுக்கு விஷயம் விளங்கவில்லை. கிணற்றுக்குப் போகிற மனிதர், வழியில் மாமாவைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தாள். அவரோ பட்டி வாசலிலேயே நின்றார். கயிற்றை முள்வேலியில் சுற்றினார். “இசாக்கோ, இந்தா. எனக்கு இது வேண்டாம்” என்றார். உள்ளே வந்து உட்காரவில்லை, தேநீர் கேட்கவில்லை, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

மாமா இசாக்கோ மோலு அந்தக் கயிற்றைத் தொடவே இல்லை. வெயில் ஏறும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் குமாத்தோவுக்கு விஷயம் விளங்கியது.

வட கென்யாவின் இந்தக் கப்ரா ஜனங்களில் ஒருவன் தன் ஒட்டகங்களையெல்லாம் தன் பட்டியிலேயே அடைத்து வைத்திருந்தால் அவனை மனிதனில் சேர்க்க மாட்டார்கள். பால் இல்லாத வீட்டுக்கு ஒரு பெண் ஒட்டகத்தை இரவல் கொடுக்க வேண்டும். பால் அந்த வீட்டுக்கு, பிறக்கிற கன்று கொடுத்தவனுக்கு. இப்படியே வருஷங்கள் போகும், ஒட்டகத்தின் மகளும் பேத்தியும் அங்கேயே கறக்கும், கடைசியில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலியே இல்லாமல் போய்விடும். கொடுத்தவன் தனக்குக் கஷ்டம் வந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாங்கியவன் தானாகக் கொண்டுவந்து கட்டினால் மட்டும் அதற்கு ஒரே அர்த்தம்தான். உன் உறவு எனக்கு வேண்டாம். உமுரோ வீட்டில் மாமாவின் ஒட்டகம், தாயும் மகளுமாக, இருபத்திரண்டு வருஷம் இருந்தது.

மறுநாள் இன்னொரு வீட்டுக்காரர் வந்தார். அதற்கடுத்த நாள் இரண்டு பேர். ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஒருத்தர் ஏதோ சாக்குச் சொன்னார், ஒரு கிழவி அழுதுகொண்டே கட்டிவிட்டுப் போனாள். மாமாவுக்கு மொத்தம் எத்தனை ஒட்டகம் என்று அந்தப் பக்கத்தில் எவருக்கும் தெரியாது. கேட்கிற வழக்கம் இல்லை. எண்ணினால் மந்தை தேயும் என்பார்கள். அந்த மனிதரின் வாசலில் இப்போது ஊரே நின்று எண்ணுகிற மாதிரி அவை ஒவ்வொன்றாக வந்து நின்றன.

எல்லாவற்றுக்கும் காரணம் தான் ஒருத்தி என்பது குமாத்தோவுக்குத் தெரியும். அவளைத் தவிர அது தெரிந்தவள் இன்னொருத்திதான்: மாமாவின் மகள் துயே. அவள் வாயைத் திறக்கவில்லை.

குமாத்தோவின் வேலை ஒட்டகத்தின் மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டுச் சளி எடுப்பது. கேட்டால் சிரிப்பு வரும். அவள் சொந்தக்காரர்களும் சிரித்தார்கள். நைரோபியில் ஓர் ஆய்வுக்கூடம், அதில் டாக்டர் கெமுந்தோ என்று ஒரு பெண்மணி. ஒட்டகங்களிடம் ஒருவகை கொரோனா வைரஸ் உண்டு, அரேபியாவில் அது ஆட்களைக் கொன்றிருக்கிறது, இங்கே ஒட்டகங்களிடம் அது இருந்தும் மனிதர்களை ஏன் அவ்வளவாகத் தொடவில்லை என்று தெரியவில்லை. போதாததற்கு, இதுவரை யாரும் பார்க்காத வேறு வைரஸ்களும் இருக்கலாம். அதற்காகச் சில பட்டிகளில் பத்துப் பத்துக் கன்றுகளைத் தேர்ந்து, அதே கன்றுகளிடம் மாதாமாதம் சளி எடுக்க வேண்டும். அந்தக் கன்றுகளோடு புழங்குகிறவர்களின் தொண்டையிலும் எடுக்க வேண்டும்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே குமாத்தோ டாக்டரிடம் சண்டை போட்டு, காதில் மாட்டுகிற வில்லையில் எண் போடக்கூடாது, கன்றின் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று மாற்றவைத்தாள். எண்ணைப் பார்த்தால் மாமா வாசலிலேயே மறித்துவிடுவார். “நம்ம டாக்டரம்மா கெட்டிக்காரி” என்று குமாத்தோவுக்குக் கேலியாக ஒரு பட்டம் வைத்து, மாமா அதைப் பட்டி பட்டியாகப் போய்ச் சொன்னார். மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

நாலாவது மாதம். அவள் தங்கியிருந்த மைகோனாவிலிருந்து சால்பி பாலைவனத்தின் உப்புப் புழுதியில் நாலு மணி நேரம் பைக் ஓட்டிக்கொண்டு போனால், பட்டியில் ஒரே ஒரு கன்று படுத்திருந்தது. முன்னங்கால் பிசகிய நொண்டிக் கன்று. மூக்கிலிருந்து கயிறு மாதிரி சளி தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற ஒன்பதும் மந்தையோடு தூர மேய்ச்சலுக்குப் போய்விட்டன.

எங்கே போயின என்று குமாத்தோ கேட்கவில்லை. மாமாவாக, “மழை பேஞ்ச பக்கம் கால் போகும்” என்றார். அவ்வளவுதான். மார்சபிட் நகரத்திலிருந்து வேறு யாராவது வந்திருந்தால், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எத்தனை உருப்படி என்று பட்டென்று கேட்டிருப்பார்கள். அறியாத ஜனம் என்று மாமாவும் எதையாவது சொல்லி அனுப்பியிருப்பார். தாய்மாமனிடம் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. கேட்ட மறுவாரம் ஒன்று செத்தால் இவள் கண்பட்டுத்தான் செத்தது என்பார்கள். ஒரே ஒரு குழாயோடு திரும்பினாலோ டாக்டர் விடமாட்டார். சொந்த மாமாவிடம் கேட்க உனக்கு வாய் இல்லையா என்பார். ஐஸ் பெட்டியில் ஐஸ் வேறு கரைந்துகொண்டிருந்தது.

துயே கன்றின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். குமாத்தோ ஒரு குச்சி விட்டாள், குழாயில் போட்டு மூடினாள், கன்றின் பெயரை எழுதினாள். இன்னொரு குச்சியை எடுத்து அதே மூக்கில் விட்டாள். அங்கே இல்லாத ஒரு கன்றின் பெயரை எழுதினாள்.

நாலாவது குழாயில் துயேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏண்டி, ஒரே மூக்கை எத்தனை தடவைதான் நோண்டுவே? உள்ளே தங்கம் கிங்கம் புதைச்சு வெச்சிருக்கா?”

“சும்மா பிடிடி. ஒரே பட்டி, ஒரே காத்து. இதுக்கு இருக்கறதுதான் அதுங்களுக்கும் இருக்கும்.”

“அப்ப என் மூக்குலயும் ரெண்டு எடுத்துக்கோயேன். நானும் அதே காத்தைத்தான் குடிக்கறேன்.”

“உன் மூக்கு நீளத்துக்கு என்கிட்ட குச்சி இல்லை.”

கன்று ஒரு தும்மல் போட்டது. துயேயின் முகமெல்லாம் தெறித்தது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு, கன்றின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, “இவனும் உன்னைத் திட்டறான் பாரு” என்றாள். குளிர்காற்று அடித்தால் அந்த நொண்டியைக் கூடாரத்துக்குள்ளேயே கொண்டுபோய்ப் படுக்க வைத்துக்கொள்வாள். புருஷன் செத்து இரண்டு வருஷம். குழந்தை இல்லை. கன்றுதான் குழந்தை. அவள் தொண்டையில் எடுக்க வேண்டிய குச்சியையும் குமாத்தோ அன்று எடுக்கவில்லை. ஐஸ் முழுக்கக் கரைவதற்குள் கிளம்ப வேண்டும் என்று பெட்டியை மூடிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் கெமுந்தோ போன் செய்தார். சந்தோஷத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“பத்துக்குப் பத்து, குமாத்தோ! இதுவரைக்கும் யாருமே பார்க்காத ஒண்ணு. பத்துலயும் ஒரே வைரஸ், மரபணுவுல ஒரு எழுத்துகூடப் பிசகலை. போன மாசம் ஒண்ணுத்துலயும் இல்லை, இந்த மாசம் பட்டி முழுக்க. எவ்வளவு வேகமாப் பரவியிருக்கு பார்த்தியா? மனுஷனுக்கு வருமாங்கறதைத்தான் இப்ப பார்க்கணும். பிரமாதமா வேலை பண்ணியிருக்கே.”

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அவளுக்கு வாய்த்திருக்காது. டாக்டர் ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார், திட்டியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். “ரொம்ப சந்தோஷம் டாக்டர்” என்றாள் குமாத்தோ. அந்த மூன்று வார்த்தையை அவள் இன்றைக்கும் நினைத்துப் பார்த்துக்கொள்கிறாள்.

பிறகு எல்லாம் தானாக உருண்டது. அதிகாரிகளுக்குத் தகவல் போயிற்று. குறிப்பிட்ட ஒரு மந்தையின் பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம், அந்த ஒட்டகங்களை நெருங்க வேண்டாம் என்று வானொலியில் சொன்னார்கள். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நைரோபியில் நினைத்தார்கள் போலிருக்கிறது. பாதி நாளுக்குள் தூரத்துக் கலாச்சா ஊர்வரை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பட்டி முழுக்க நோய் என்றால், அந்தப் பட்டியின் ரத்தம் ஓடுகிற ஒட்டகம் எந்த வீட்டில் நின்றால் என்ன? பிள்ளை குட்டி உள்ளவர்கள் பயந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

டாக்டர் இரண்டு வண்டிகளில் ஆட்களோடு வந்து இறங்கினார். “இங்கே நிக்கறது ஒண்ணு, சளி எடுத்தப்புறம் மேய்ச்சலுக்குப் போனது ஒன்பது. முதல்ல ஒன்பதைப் பிடிப்போம்” என்றார். நியாயமான கணக்குதான். வண்டிகள் தூர மேய்ச்சலைத் தேடிப் போயின. மந்தை ஒரு மழையிலிருந்து இன்னொரு மழைக்கு நகர்ந்துகொண்டே இருந்தது, வண்டிகளும் பின்னாலேயே அலைந்தன. கன்றுகளைப் பிடித்து எடுத்த சளியில் ஒன்றும் இல்லை. நோய் வந்து போய்விட்டது, நாம்தான் தாமதம் என்று டாக்டர் நொந்துகொண்டார். மேய்ப்பர்கள் ஒவ்வொருவரின் தொண்டையிலும் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மந்தையோடு போன நாயைக்கூட விடவில்லை. இப்படி ஐந்து வாரம் ஓடியது. பட்டியில் இருப்பவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குமாத்தோவை அங்கேயே விட்டுவைத்திருந்தார்கள். அந்த நாட்களில்தான் இரவல் ஒட்டகங்கள் திரும்பி வரத் தொடங்கின.

ஒரு பகல் நேரம் அவள் துயேயின் கூடாரத்துக்குள் நுழைந்தபோது துயே கன்றுக்குப் பக்கத்தில் பாயில் சாய்ந்திருந்தாள். இருமினாள். இருமல் நின்றதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தனை நாளா இது?”

“புகைடி. விறகு ஈரம்.”

“மழையே இல்லை, விறகு எங்கேடி ஈரமாச்சு?”

“பெரிய டாக்டர்!” துயே சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு வாக்கியத்தை முடிக்க நடுவில் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. “பயப்படாதே… நான் அப்பாகிட்ட… ஒண்ணும் சொல்லலை. ஒட்டகம் ஒவ்வொண்ணா வந்து நிக்கறப்ப… நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா உன் வேலை போயிடும்ல?”

குமாத்தோ கன்றைப் பார்த்தாள், துயேவைப் பார்த்தாள். உலகத்தில் அந்தப் புதிய வைரஸ் இருப்பதாக நிச்சயமாகத் தெரிந்த மூக்கு ஒன்றே ஒன்று. அந்த மூக்கில் முத்தம் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தவள் இவள் ஒருத்தி. இரண்டு வண்டி, ஏழு ஆட்கள், நைரோபி ஆய்வுக்கூடம் அத்தனையும் நோயில்லாத ஒன்பது கன்றுகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஓடவைத்தவள் தான். துயே குமாத்தோவைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தாள், குமாத்தோ தன்னையே காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொண்டிருந்தாள். நினைக்க நினைக்கத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மாமா வேலிக்கு வெளியே, திரும்பி வந்த ஒட்டகங்களுக்கு நடுவில் நின்றிருந்தார். பக்கத்துப் புல்லெல்லாம் மொட்டையாகிவிட்டது. இத்தனை வாய்க்கு அந்தக் கிணறும் போதாது.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு டாக்டரம்மா.”

“அன்னைக்கு நான் பத்துக் கன்னுகிட்ட எடுக்கலை. பட்டியில இருந்தது நொண்டி ஒண்ணுதானே? அது மூக்குலயே பத்துத் தடவை எடுத்தேன். மத்த பேரெல்லாம் நானா எழுதினேன். உங்க மந்தைக்கு ஒண்ணும் இல்லை. இதுங்களுக்கும் ஒண்ணும் இல்லை. எல்லாம் என் பொய்.”

திட்டுவார், கையை ஓங்குவார், சபிப்பார் என்று அவள் குனிந்தபடி காத்திருந்தாள். நிமிர்ந்தபோது மாமா எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அந்த நொண்டிக்கு?”

“அதுக்கு நிஜமாவே இருக்கு மாமா.”

அறுபது வயது மனிதர் மகளின் கூடாரத்தை நோக்கி ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது.

சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று குமாத்தோ டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர், “ஒரு வண்டி அனுப்பறேன், முதல்ல அந்தப் பொண்ணை அதுல ஏத்து. மத்ததை அப்புறம் பேசலாம்” என்றார்.

மார்சபிட் ஆஸ்பத்திரியில் துயேவுக்குப் பதினோரு நாள் பிராணவாயு வைத்தார்கள். கன்றிடம் இருந்த அதே வைரஸ் அவள் தொண்டையிலும் இருந்தது. பட்டியில் வேறு யாருக்கும் இல்லை. அவள் பிழைத்தாள். ஆறாவது நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் கெமுந்தோ குமாத்தோவின் ஆய்வுக்கூட அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“மனுஷனுக்கு வருமான்னு தெரிஞ்சுக்கத்தானே இவ்வளவும் பண்ணினோம்? வரும்னு தெரிஞ்சுபோச்சு” என்றார். “நோய் இருந்த இடத்துல மட்டும் எங்க ஆள் ஒருத்தர்கூட நிக்கலை. அஞ்சு வாரம், குமாத்தோ. அந்தப் பொண்ணு செத்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன், நீ என்ன பண்ணியிருப்பே?” அவர் குரலை உயர்த்தவே இல்லை.

துயே இளைத்துத் துரும்பாகத் திரும்பி வந்தாள். வந்ததும் கன்றைத்தான் கேட்டாள். அது தனியாகக் கட்டப்பட்டு, சளியெல்லாம் நின்று, கொழுகொழுவென்று இருந்தது. “ஏண்டி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? நான் செத்தா போயிட்டேன்?” என்று குமாத்தோவின் தோளில் தட்டினாள். மாமாவும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. சாப்பிடச் சொன்னார், பைக்குக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று விசாரித்தார். டாக்டரம்மா என்று கேலி செய்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.

மந்தைக்கு நோய் இல்லை, பழைய அறிவிப்பு தவறு என்று வானொலியில் மறுபடி சொன்னார்கள். ஒருவரும் ஒட்டகத்தைத் திரும்பக் கேட்டு வரவில்லை. வாசலில் ஒட்டகங்கள் எலும்பு தெரிய நின்றன.

“நீங்க போய்ச் சொன்னா வந்து ஓட்டிட்டுப் போவாங்க மாமா” என்றாள் குமாத்தோ.

“கொடுத்தவன் வீடு வீடாப் போய், வாங்கிக்கோ வாங்கிக்கோன்னு கெஞ்சறதா? அது என்னால ஆகாது.”

ஆகவே அவள் போனாள். முதலில் உமுரோ கத்தேலோ வீட்டுக்கு. அவர் வெளியில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், எந்தக் குழாயையும் விட்டுவைக்காமல் சொன்னாள். “தப்பு பண்ணினது நான். எங்க மாமா இல்லை, அவர் ஒட்டகம் இல்லை. அது உங்க வீட்டுல பிறந்து வளர்ந்தது. வந்து கூட்டிட்டுப் போயிடுங்க.”

உமுரோ கயிற்றைக் கீழே வைத்தார்.

“ஒட்டகத்துக்கு என்னம்மா, நாளைக்கே கூட்டிட்டு வந்துடலாம். அன்னைக்கு உங்க மாமா மூஞ்சிக்கு நேரா, எனக்கு இது வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேனே, அதை எங்கே போய்க் கூட்டிட்டு வர்றது?”

“அது என்னாலதானே…”

“நீ எழுதினது பத்துக் கன்னு பேரு. அந்தப் பேச்சு என் வாயில இருந்து வந்தது. ரேடியோவுல சொன்னான்னதும் ஒரு நாள் பொறுக்கலை நான். அவனைப் போய் ஒரு வார்த்தை கேக்கலை. இருபத்திரண்டு வருஷம் அவன் பாலைக் குடிச்சவன், முதல் ஆளா நான்தான் ஓட்டிட்டுப் போனேன். நான் போனதைப் பார்த்துத்தான் மத்தவனெல்லாம் போனான்.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்த வாசல்ல போய் நிக்கறது?”

தன் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டு வந்த இடத்தில் இன்னொருவர் தலையிலும் அது ஏறி உட்கார்ந்திருப்பதைக் குமாத்தோ பார்த்தாள். தன் பங்குக்காவது அவர் தன்னைத் திட்டித் தீர்த்துவிட்டால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை. வீட்டுக்கு வந்தவளை நிற்கவைத்துப் பேசுவதா என்று உட்காரச் சொன்னார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஒரு குவளையில் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். கறுத்த தேநீர். அந்த வீட்டில் கறப்பதற்கு வேறு ஒட்டகம் கிடையாது. இரண்டு சின்னப் பிள்ளைகளும் அதே கறுத்த தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

“பால் இல்லை, மன்னிச்சுக்கோம்மா” என்றாள் அவர் மனைவி.